விரைவு வரிசையில் ஒரு விதைப் பொட்டலம்

"ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க சார். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று துப்பறிவாளரிடம் சொன்னார் விற்பனை மேலாளர்.

அந்த 'மிச்சம்' என்ன என்று கேட்க வாயெடுத்தாள் அவசரம். துப்பறிவாளரின் உதவியாளரான அவளைப் பெற்ற தாய்கூட 'அவசரம்' என்ற பட்டப்பெயரில்தான் கூப்பிடுவாள்.

வாரம் இருமுறை எல்லை தாண்டிப் போய் வியாபாரம் பேசுகிறவர் மேலாளர். 'நம்பகமான பயணி' என்று அரசு கொடுத்த அட்டை ஏழு வருடமாக அவரிடம் இருந்தது. ஊரே நாலு மணி நேரம் கால் கடுக்க நிற்க, அவர் விரைவு வரிசையில் நாலே நிமிடத்தில் போய்விடுவார். பெட்டியைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். யாரோ தொலைபேசியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே, தடை செய்யப்பட்ட விதைகள். அட்டை அங்கேயே பறிபோனது. மாதக் கடைசிக்குள் அது திரும்பாவிட்டால் வேலையும் போகும்.

முந்தின நாள் பெட்டியை நெருங்கியவர்கள் மூவர். அதே அட்டை வைத்திருக்கும், அவர் பதவிக்குப் போட்டி போடும் அதிகாரி. பாஸ்போர்ட்டே எடுக்காத காரியதரிசி. அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும், பொது வரிசையில் நின்று போய்வருகிற மேலாளரின் மைத்துனன்.

போட்டி அதிகாரிதான் என்று அவசரம் அப்போதே தீர்ப்பெழுதிவிட்டாள். துப்பறிவாளரோ பறிமுதல் ரசீதை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். விதைகள், சோதனை மேசையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையில் இருந்ததாக அதில் எழுதியிருந்தது. உள்ளே இருப்பது தெரிகிற அந்தப் பையில் ஷாம்புவையும் பற்பசையையும் போட்டுக் காட்டினால்தான் பொது வரிசையில் விடுவார்கள். அட்டைக்காரர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அந்தப் பையைத் தொட்டே ஏழு வருடமாயிற்று என்றார் மேலாளர்.

மறுநாள் காலை மூவரும் மேலாளர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"காரியதரிசி அம்மா எல்லைப் பக்கமே போனதில்ல. அதிகாரி சாருக்கு அட்டை இருக்கு, அந்தப் பை அவர் கைக்கே வராது" என்ற துப்பறிவாளர் மைத்துனனிடம் திரும்பினார். "உங்க பெட்டியில எப்பவும் நாலஞ்சு பை கிடக்கும். பழக்கதோஷம் தம்பி, கைக்கு வந்ததை எடுத்துட்டீங்க."

மைத்துனன் மேலாளர் பக்கம் திரும்பினான்.

"நான்தான் மாமா. போன வருஷம் எனக்கு ஏன் அட்டை தரலைன்னு ஃபைலை வாங்கிப் பார்த்தேன். விசாரிச்ச அதிகாரிகிட்ட 'அவன் கை சுத்தமில்ல'ன்னு சொல்லியிருக்கீங்க. நான் உங்க நாற்காலிக்கு வந்துடுவேன்னு பயந்து சொன்ன பொய். இப்ப யார் கை சுத்தமில்ல?"

 மேலாளர் மேல்முறையீட்டுப் படிவத்தை அவன் முன்னால் தள்ளினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அவன் கையெழுத்திட்டால் அட்டை திரும்பி வரும்.

"போடறேன். ஏன் செஞ்சேன்னும் சேர்த்து எழுதுவேன்."

மேலாளர் துப்பறிவாளரைப் பார்த்தார். அட்டை விசாரணையில் அடுத்தவரைப் பற்றிப் பொய் சொன்னவருக்கு இந்த ஜென்மத்தில் அட்டை கிடையாது என்றார் துப்பறிவாளர், குரலை உயர்த்தாமல்.

"வேண்டாம் சார், வேலை போயிடும்" என்று முணுமுணுத்தாள் காரியதரிசி.

மேலாளர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மைத்துனனிடம் நீட்டினார்.

"எழுதுடா. ஒண்ணு விடாம எழுது. நான் நாலு மணி நேரம் நின்னுக்கறேன். நீ ஜெயில்ல கால் நீட்டிப் படு."

அவன் எழுதத் தொடங்கினான். அவசரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு முகத்திலும் ஒரே திருப்தி.