முந்நூற்றறுபது மூச்சு

ஐப்பசி முகில்கள் வெள்ளாற்றின் மேல் யானைக் கூட்டமென அடைந்து நின்றதால், அந்தி வந்துவிட்டதா இல்லையா என்று பாசறையில் எவராலும் கண்ணால் சொல்ல முடியவில்லை. எதிர்க்கரையில், மூன்று திங்கள் முற்றுகைக்கும் குனியாத, தலைவி காரிநங்கையின் நெடுங்கரைக் கோட்டை. கதிர் எழுந்ததிலிருந்து முப்பது நாழிகைக்குள் துணைப்படை வராவிட்டால் அதன் கதவு திறக்கப்படும் என்பது உடன்படிக்கை. பொழுதை அளப்பது பாசறையின் நாழிகை வட்டில்: அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணம், நீரில் ஒருமுறை மூழ்கினால் ஒரு நாழிகை.

"முப்பதாம் முறையும் மூழ்கிவிட்டது. கதவைத் திறக்கச் சொல், பெண்ணே!" என்றான் படைத்தலைவன் ஏனாதி குஞ்சரமல்லன்.

கோட்டையிலிருந்து தனியே படகில் வந்திருந்த நாழிகைக் கணக்கி அசையவில்லை. "உமது வட்டில் விரைகிறது, ஏனாதியாரே. எங்கள் வட்டிலில் இன்னும் பொழுது இருக்கிறது."

"பட்டினிக் கோட்டை அல்லவா? அங்கே வட்டிலில் எதுவும் சீக்கிரம் நிறையாது!"

வீரர்கள் சிரித்தார்கள். அவள் முற்றுகையை நடத்தும் இளவரசன் விடங்கனிடம் திரும்பினாள்.

"ஒரு நாழிகைக்கு முந்நூற்றறுபது மூச்சு, இளவரசே. வட்டிலை மீண்டும் மிதக்கவிட்டு என் மூச்சை எண்ணுங்கள்."

வாசகர்களே, வெயிலில் நம் முன்னோர் நிழலை அடியால் அளந்தார்கள்; வெயில் மறைந்தால் செம்பில் துளையிட்டு நீரைக் கணக்குக் கேட்டார்கள்; இரண்டும் இல்லாதவன் தன் மூக்கை நம்பினான். ஆண்டிக்கும் அரசனுக்கும் அது ஒரே அளவு. ஆனால் நெஞ்சு நடுங்கினால் மூச்சு விரையும், எண்ணிக்கை முன்பே நிறையும், பொய் வட்டில் மெய்யாகிவிடும். குஞ்சரமல்லன் அதை அறிந்தவன். வாளை உருவி அவள் கழுத்தில் வைத்தான்.

"இப்போது எண்ணுங்கள், இளவரசே."

விடங்கன் ஓர் இழை இலவம்பஞ்சை அவள் நாசியருகே பிடித்தான். பஞ்சு ஆடியது, நின்றது, ஆடியது. வாளின் நுனியில் ஒரு துளி இரத்தம் அரும்பியபோதும் அதன் தாளம் மாறவில்லை.

"முந்நூறு" என்று அவன் எண்ணியபோது வட்டில் மூழ்கியது.

"மூச்சை அடக்குகிறாள்! வித்தைக்காரி!"

"அப்படியானால் உமது மூச்சை எண்ணலாமா, ஏனாதி? அது ஓடும் ஓட்டத்தில் ஆயிரத்தைத் தாண்டுமே!" விடங்கன் வட்டிலை எடுத்துத் திருப்பினான். துளையின் விளிம்பில் புதிதாக அராவிய செம்பு மின்னியது. "என் கொடியின் கீழ் பொழுதைத் திருடினாயா? வாளைக் கீழே போடு!"

வாள் மணலில் விழுந்தது.

"வட்டிலுக்கு அறுபது மூச்சு வீதம், முப்பது வட்டிலில் ஐந்து நாழிகை களவு போயிற்று" என்றாள் அவள். "இந்தச் சோதனைக்குச் சென்றதைக் கழித்தால், நான்கு நாழிகை எங்களுடையது."

"தந்தேன். உன் தலைவிக்கு என் வணக்கத்தைச் சொல். இத்தகைய நெஞ்சுரம் ஒரு கணக்கியிடம் இருந்தால், அவளிடம் எவ்வளவு இருக்கும்!"

கழுத்து இரத்தத்தைத் துடைக்காமலே அவள் படகில் ஏறினாள்.

"தூது வேண்டாம், இளவரசே. நெடுங்கரைத் தலைவி காரிநங்கை கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள். கதவைத் திறக்கும் ஆணை என்னுடையது. நான்கு நாழிகைக்கு அது என் வாயிலிருந்து வராது."