வாரத்துக்கு நூறு சொல்

"அலோ... அலோ... ஏட்டி, கேக்கா?"

"கேக்கு, கேக்கு. அலோ! ஒங்களுக்குக் கேக்கா?"

"கேக்கு. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க சாப்ட்டியளா?"

"சாப்ட்டேன். அப்புறம்?"

"நீங்கதான் சொல்லணும்."

சமையலறைச் சுவர்த் தொலைபேசியின் சொல்மானி நூறிலிருந்து எண்பத்திரண்டுக்கு இறங்கியதைப் பார்த்துப் பெர்னதெத் தலையில் அடித்துக்கொண்டாள். உருப்படியாக ஒரு சேதி பேசவில்லை, அதற்குள் பதினெட்டுச் சொல் போயிற்று.

சிறைத் தொலைபேசியில் நிமிஷக் கணக்கு ஒழிந்து இப்போது சொற்கணக்கு. இரு முனைக்கும் சேர்த்து வாரத்துக்கு நூறு. மௌனம், இருமல், சிரிப்பு, குழந்தையின் உளறல் எல்லாம் இலவசம். இணைப்பை நாள் முழுக்கத் திறந்தே வைக்கலாம். நூறுக்கு மேல் ஒரு சொல் போனால் மட்டும் ஏழு நாள் துண்டிப்பு. ஜனங்கள் தந்தி மாதிரி பேசுவார்கள் என்று நம்பி இதை வடிவமைத்தவர்கள், நம்மவர்கள் போன் பேசிக் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

அவள் கணவன் சூசை வான்லாரி ஓட்டுநர். ஆகாயத்தில் ஓட்டும்போது கண்ணயர்ந்து, அமைச்சர் பேச எழுந்த நேரமாகப் பார்த்து மூன்று டன் நெத்திலியை மேடையில் கொட்டிவிட்டான். யாருக்கும் காயமில்லை, நாற்றம்தான். இரண்டு வருஷம் போட்டுவிட்டார்கள். அவன் உள்ளே போன பிறகு பிறந்தவள் அமலி. ஒன்றேகால் வயது தாண்டியும் ஒரு சொல் பேசவில்லை. விடுதலைக்கு இன்னும் ஐந்து மாதம். மகளின் முதல் சொல்லைக் கேட்காமல் போய்விடுவோமோ என்பதுதான் சூசைக்கு இருந்த ஒரே கவலை.

அதனால் இணைப்பு எப்போதும் திறந்தே கிடந்தது. வாராவாரம் ஒரே ஒரு சொல்லை அமலிக்கென்று மிச்சம் வைத்தார்கள். மற்றதை இருமலில் சமாளித்தார்கள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் சிறையிலிருந்து ஓர் இருமல் வரும்: அடுப்பை அணை. குழந்தை அழுதால் இரண்டு.

வியாழக்கிழமை காலை. அமலி கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உளறிக்கொண்டிருந்தாள். "ப்பா... ம்மா... ளொ... ப்பூ..." வழக்கமான கச்சேரிதான். பெர்னதெத் தோசையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தாள். மானியில் மிச்சமிருந்த ஒன்று இல்லை, பூஜ்யம்.

அந்த முனையிலும் மானி உண்டு. பெர்னதெத் வாயைப் பொத்திக்கொண்டாள். சூசைக்கு அது கைவரவில்லை.

"அப்பான்னுட்டா! ஏட்டி, எம்மவ அப்பான்னுட்டா!"

அவனுக்குப் பின்னால் நாற்பது கைதிகள் கைதட்டும் சத்தம் எழுந்ததும் இணைப்பு அறுந்தது. ஏழு நாள்.

"அம்மான்னுதான் சொன்னா!" என்று பெர்னதெத் செத்த சுவரிடம் சண்டைக்குப் போனாள்.

சனிக்கிழமை சிறையிலிருந்து வாராந்திரச் சொற்பட்டியல் வந்தது. அவனுக்கும் ஒரு பிரதி போயிருக்கும். பெர்னதெத் விரலை ஓட்டிச் சூசையின் கூச்சலுக்கு முந்தைய வரிக்குப் போனாள். நூறாவது சொல். பேசியவர்: குழந்தை. சொல்: அலோ.

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை அப்பா அம்மா வாயில் அதிகம் கேட்டது வேறென்ன?

அந்த ஏழு நாள் முடிந்ததும் மானியில் நூறு ஒளிர்ந்தது. சொல்ல வேண்டிய சேதிகளைப் பெர்னதெத் வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"அலோ" என்றான் சூசை, கொஞ்சம் வெட்கத்தோடு.

அமலி கரண்டியை எடுத்தாள். "அலோ!"

"அலோ?"

"அலோ!"

தொண்ணூறு. அறுபது. இருபது. பெர்னதெத் இருமிப் பார்த்தாள், இரண்டு முறை, மூன்று முறை; தகப்பனும் மகளும் சட்டை செய்யவில்லை. ஒன்றுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் சூசை நிறுத்திக்கொண்டான். கடைசிச் சொல் மகளுடையது அல்லவா?

எல்லாரும் காத்திருந்தார்கள். அமலி சுவரோடு வாயை ஒட்டிவைத்துக்கொண்டு, பெரிய மனுஷி போலக் கேட்டாள்:

"அப்புறம்?"

பூஜ்யம். பதில் சொல்ல இரு முனையிலும் யாரிடமும் ஒரு சொல் இல்லை. நல்லவேளை, சிரிப்புக்குக் கணக்கில்லை.