நிரம்பாத குழிகள்

மெய்ரிமின் இதயம் இரண்டாகத் துடிக்கவில்லை, மூன்றாகத் துடித்தது. கல் பாதையில் குதிரை ஓடுவதுபோல. சய்க்கால் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மறுபடி வைத்தாள். மூன்றுதான்.

மலையடிவாரத்து அந்தக் கிராமத்துக்குச் சய்க்கால் ஒருத்திதான் மருத்துவ உதவியாளர். மெய்ரிமுக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு வாரத்துக்கு முன் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் படுத்தால் மூச்சு முட்டியது. நான்கு நாளாக மெத்தைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். அடுப்பில் எரியும் வறட்டியின் புகைக்கும், கிண்ணத்தில் ஆடை படிந்து ஆறிப்போன உப்புத் தேநீர் வாடைக்கும், ஜன்னலை நிறைத்திருந்த பனியின் மத்தியான வெளிச்சத்துக்கும் நடுவில், அவள் மூச்சு மட்டும் ஈரத்துணியை இழுப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

"நடிக்கிறா," என்றாள் மாமியார் கலீச்சா. "நாலு நாளா மாடு கறக்க நான்தான் போறேன்."

"அம்மா, காய்ச்சல் கிருமி இதயத் தசையையே பிடிச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஊர் பூரா வந்த காய்ச்சல். இவ இதயத்தை மட்டும் தேடிட்டுப் போச்சாக்கும்!"

சய்க்கால் பல்லைக் கடித்தாள். காலையிலிருந்து மூன்று முறை நகரத்துக்குப் பேசியாகிவிட்டது. மூன்று முறையும் கணவாயில் பனி, வண்டி வராது என்ற ஒரே பதில்.

மெய்ரிமின் கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. நீர் கோத்த கால், நிரம்ப நேரமாகும். எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று நான்காவது முறை கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பினாள்.

காலில் ஐந்து குழிகள்.

"யாரு அழுத்தினது?"

"நான் எதுக்குத் தொடறேன்? மகாராணிக்குக் கால் பிடிச்சுவிட வேற ஆள் பாரு," என்று கலீச்சா வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம் அடங்கியது.

சய்க்கால் முழங்காலுக்குக் கீழே பார்த்தாள். அங்கும் ஐந்து. ஒரு கையின் விரல் தடங்கள், ஒன்று கட்டைவிரல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்கு மேல் பாவாடைத் துணி மெதுவாக உள்வாங்கியது. ஓரிடத்தில். பிறகு அதற்குச் சற்று மேலே.

கைபேசி அதிர்ந்தது. நகரத்து டாக்டர்.

"என்னம்மா திரும்பத் திரும்பக் கூப்பிடறே? சின்னப் பொண்ணு. அசதி. படுக்கச் சொல்லு."

"படுக்க முடியலைங்க! எத்தனை தடவை சொல்றது? இதயம் வீங்கியிருக்கு!"

"நீ டாக்டரா?"

"வந்து பாருங்க. யாராவது வந்து பாருங்கய்யா…"

சய்க்கால் கைபேசியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். அடுப்பில் வறட்டி சரிந்தது. மெய்ரிமின் உதடு நீலம். வயிற்றின் மேல் துணி தாழ்ந்தது. விலாவில் தாழ்ந்தது.

மேலே ஏறுவது நின்றது.

மெய்ரிம் கண்ணைத் திறக்காமல் முனகினாள்.

"அக்கா… கையை எடுங்க. வலிக்குது."

இடது மார்பின் மேல், அகல விரித்த ஓர் உள்ளங்கையின் அளவுக்கு, சட்டை உள்ளே போய்க்கொண்டே இருந்தது.