இரும்புக் குவியல்

ரியாத்தின் தெற்கே, பழைய கார்களை ஏலம் விடும் திடலுக்கு பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் முத்லக் வந்து சேர்ந்தான். நாள்தோறும் வருகிற நேரம்தான். வானம் மஞ்சளித்துக் கிடந்தது. புழுதிக்காற்று கிளம்பப் போகிறது என்று மூக்கே சொல்லிவிட்டது. ஏலம் கூவும் மைக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் கொட்டகைக்கு நடந்தான்.

கொட்டகை வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது.

முத்லக் நம்பர் பலகையைப் பார்த்தான். அதேதான்.

போன குளிர்காலத்தில் இதே காரைத்தான் ஜல்வி என்ற பையனின் தலையில் கட்டியிருந்தான். பதினெட்டு வயது, மூக்கு நுனியில் கோபம். அப்படிப்பட்டவனிடம் விற்பது சுலபம், உசுப்பிவிட்டால் போதும்.

"ஸ்டீயரிங் எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டான் ஜல்வி.

ஒழுங்காக இல்லை. இடப்பக்கம் சட்டென்று வளைத்தால் ஒரு கணம் இறுகிக்கொள்ளும். அன்று காலையில்தான் முத்லக் ஓட்டிப் பார்த்திருந்தான்.

"நான் விக்கிறது இரும்புக் குவியல் தம்பி. கண்ணு முன்னாடி நிக்குது, பாத்துக்க."

அது திடலின் வழக்கம். நாலு பேர் முன்னால் 'இரும்புக் குவியல்' என்று கூவி விற்றுவிட்டால், பிறகு எந்தக் குறைக்கும் விற்றவன் பொறுப்பில்லை. ஆனால் தெரிந்த குறையை மறைத்துக் கூவினால் அந்த வார்த்தை படைத்தவனிடம் செல்லாது. இது முத்லக்குக்கும் தெரியும், திடலில் காப்பி ஊற்றுகிறவனுக்கும் தெரியும்.

ஜல்வி டயரை ஓங்கி உதைத்தான். "நாளைக்கு மெக்கானிக்கோட வர்றேன்."

"பொழுது சாயற மக்ரிபுக்குள்ள வேற ஆள் வர்றான்பா. நீ போய் உங்கம்மாகிட்ட கேட்டுட்டு வா கண்ணு."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பையன் பாய்ந்து முத்லக்கின் சட்டையைப் பிடித்தான். "யாரப் பாத்துடா பெரிசு? நான் ஆம்பள! குடு சாவிய!"

கொடுத்தான். அடுத்த வாரம் ஓர் இடப்பக்க வளைவில், விளக்குக் கம்பத்தில் மோதி ஜல்வி செத்துப்போனான்.

"நான்தான் கொண்டாந்து விட்டேன் முத்லக்."

காரின் பின்னாலிருந்து வந்தவர் பையனின் அப்பா, அபூ ஜல்வி. அந்த ஊரில் அப்பனை மூத்த மகன் பெயரால்தான் அழைப்பார்கள். மகன் போனாலும் பெயர் போகாது.

"அடிபட்டத சரி பண்ணி வாசல்ல நிறுத்தியிருந்தேன். அவங்கம்மா பொழுதுக்கும் அதுலயே போய் உக்காந்துக்குறா. என்னால பாக்க முடியல. வித்துக் குடுத்துடு." அவர் குரல் கரகரத்தது. "காரச் சுழட்டி டயரத் தேய்ச்சி வித்தை காட்டுற பயலுகளோட சேந்துதான் செத்தான்னு ஊரே சொல்லுது. அவனப் பொதச்ச கபுறுக்கே நான் போகல. கோபம் தீரல முத்லக்."

முத்லக் சாவியை வாங்கிக்கொண்டு, காரை ஏல மேடைக்குக் கொண்டுபோக ஏறி உட்கார்ந்தான்.

கதவு மூடியதும் வெளியே காற்றின் இரைச்சல் அடங்கியது. திடலே இல்லாமல் போனது மாதிரி ஒரு நிசப்தம். உள்ளே ஊதுபுகையின் மணம் மெல்லப் பரவியது. வெள்ளிக்கிழமைக்காகத் தலைத்துணியில் பிடிக்கும் புகை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, பச்சை ரத்தம்.

மேடைக்கு இடப்பக்கம் வளைக்க வேண்டும்.

வளைத்தான்.

இறுகியது.

இந்த முறை அது பழுதல்ல. முத்லக்கின் விரல்களுக்கு அடியில் வேறு விரல்கள் இருந்தன. ஈரமானவை. சில்லிட்டவை.

"பெரிசு…"

காதோரம் மூச்சு பட்டது.

"நான் வித்தை காட்டல. வளைக்கத்தான் பாத்தேன். அப்பாகிட்ட சொல்லு."

முத்லக் கதவைத் தள்ளிக்கொண்டு மண்ணில் விழுந்தான். ஓடிவந்து தூக்கியவர் அபூ ஜல்விதான்.

"என்னப்பா ஆச்சு? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு!"

"அபூ ஜல்வி…" அந்தப் பெயரிலேயே பையன் இருந்தான். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் ஓர் அப்பன் தன் மகனின் கபுறுக்குப் போவான். சொன்னால் தன் பிழைப்பும் மானமும் போகும் என்பதும் முத்லக்குக்குத் தெரியும். அதைவிட, அந்த மனிதரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு நெஞ்சுரம் இல்லை. பாவி, பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"என்னைப் பொறுத்துக்குங்க" என்று மட்டும் வந்தது. "வித்தது நான்தானே…"

"அட பைத்தியக்காரா! நீ வித்தது இரும்புக் குவியல். கெட்டழிஞ்சது என் பையன்." அவர் அவனைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டார். "உன்மேல ஏதாவது இருந்தாலும் மன்னிச்சிட்டேன். போ, நிம்மதியா இரு."

முத்லக் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டான். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

புழுதி அதிகம், ஏலம் நாளைக்கு என்று அவரை அனுப்பிவிட்டுத் தன் ஜீப்பில் ஏறி வீட்டைப் பார்த்து விரட்டினான். நகரம் செம்மண் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. முன்னால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

டிங்.

பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

பக்கத்து இருக்கையில் யாருமில்லை.

டிங். டிங். டிங்.

கையை நீட்டி இருக்கையைத் தொட்டான். மெத்தை அமுங்கியிருந்தது. ஒலி வேகமெடுத்தது. ஓரமாக நிறுத்தினான். அழுகையோடு பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

ஒலி நின்றது.

"நாளைக்குச் சொல்றேண்டா. சத்தியமா நாளைக்குச் சொல்லிடுறேன்."

பெல்ட் தொய்ந்து விழவில்லை. ஒரு மார்பின் அளவுக்கு வளைந்து நின்றது.

மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.