சிவப்பு இறங்காத படம்

அச்சில் ஸ்வீட்டியின் நெற்றி மட்டும் சிவப்பாக வந்திருந்தது.

தென்றல் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். திரையில் மாநிறமாக, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்த முகம் தாளில் வலது புருவத்துக்கு மேல் திட்டாகச் சிவந்திருந்தது. வெளியே ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, ஈரச் சாக்கின் வாடையும் மையின் வாடையும் கலந்து அவளுடைய சின்ன ஸ்டூடியோவுக்குள் தேங்கி நின்றன. எதிர் பெஞ்சில் ஸ்வீட்டியின் கணவன் சாம்ராஜ் முழங்கால்களின் மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போன வாரம் ஸ்வீட்டி இங்கேதான் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டாள். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடையாள அட்டைக்கு வேண்டும் என்றாள். அன்றைக்குச் சின்ன அளவில் சுத்தமாக வந்த படம்தான். இப்போது அதையே பெரிதாகப் போட்டு ஃபிரேம் செய்யச் சொல்லி சாம்ராஜ் வந்திருந்தான்.

"கொஞ்சம் இருங்கண்ணே. கலர் தப்பா வருது."

அவன் தலையை ஆட்டினான்.

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் லினக்ஸ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவன் அவள் தம்பி தேவா. போன் செய்தபோது அவன் பெங்களூரிலிருந்து திரும்பும் ரயிலில் இருந்தான்.

"ஃபோட்டோ ப்ரோக்ராம் ஒருவாட்டி கலர திருத்தும்க்கா, பிரிண்டரு இன்னொருவாட்டி திருத்தும். ரெண்டும் சேந்தா செவப்பு ஏறிடும். பிரிண்டர் பக்கம் ஆஃப் பண்ணு." அதற்குமேல் அவன் சொன்னது ரயில் இரைச்சலில் கேட்கவில்லை.

பிரிண்டர் பக்கத் திருத்தத்தை அணைத்தாள். தாளின் வகையைச் சரிபார்த்தாள். மை வரும் துளைகளைச் சுத்தம் செய்ய விட்டுச் சோதனைத் தாள் எடுத்தாள். கோடுகள் அறுபடாமல் வந்தன. யாருடைய குழந்தையின் படத்தையோ போட்டுப் பார்த்தாள். தோலின் நிறம் அப்படியே இருந்தது.

மறுபடியும் ஸ்வீட்டி. பிரிண்டரின் உள்ளே மைப்பெட்டி கரகரவென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, பிறகு கண் இருக்க வேண்டிய இடம் வெளியே வந்தது. அங்கே கண் இல்லை. சிவப்பு கன்னத்தைத் தாண்டித் தாடைவரை இறங்கியிருந்தது.

கறுப்பு மையில் மட்டும் அச்சிடும்படி மாற்றினாள். சேலை சாம்பல். முடி கறுப்பு. முகம் சிவப்பு. கட்டைவிரலில் ஈரம் ஒட்டியது. முகர்ந்தாள். மை வாடை இல்லை. இரும்பு வாடை.

"ஸ்வீட்டிக்கா எங்கண்ணே?"

"ஊட்ல. தூங்கினு கீறா."

சாம்ராஜ் எழுந்து வந்து தாள்களை வாங்கிக்கொண்டான். புருவத்தில் விரலை வைத்தான். பிறகு கன்னத்தில். பிறகு தாடையில். அவசரமே இல்லாமல்.

"கலர் சரியாத்தான் கீது" என்றான்.

தென்றலின் கண் வாசலுக்குப் போனது. அவன் அதைப் பார்த்துவிட்டான். போய் ஷட்டரை இழுத்தான். ஒரு சாண்கூட இல்லாத இடுக்கு விட்டு அது சிக்கி நின்றது. திரும்பியபோது சட்டைக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்திருந்தான். அதன் முனையில் நீளமாக முடி ஒட்டியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே."

"வேலைக்கு போவாதன்னு எவ்ளோ சொன்னேன் தெரியுமா."

அவள் கையைத் தூக்கினாள். சுத்தியல் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகு வந்தது. மேசைக்கடியில் விழுந்தாள். அவன் மறுபடி ஓங்கினான்.

பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

அச்சிடச் சொல்லி யாரும் அதற்கு எதுவும் கொடுக்கவில்லை. அவனும் பார்த்தான். தாள் மெல்ல வெளியே வந்தது. ஸ்வீட்டியின் படத்திலிருந்த நீலப் பின்னணி மட்டும் இருந்தது. அதன் முன்னால் யாரும் இல்லை.

ஷட்டர் தகரம் ஒருமுறை அதிர்ந்தது.

இடுக்கில் இரண்டு வெறுங்கால்கள். பெண்ணின் கால்கள். மழை மேலே விழுந்தும் அவற்றில் வழிந்திருந்த சிவப்பு கரையவில்லை. பிறகு கைகள். தரையோடு தரையாக உள்ளே நீண்டன. நீண்டுகொண்டே வந்தன. சாம்ராஜின் கணுக்காலைப் பிடித்தன.

முகம் தரையில் மோத விழுந்தான். மேசைக்காலைக் கட்டிக்கொண்டான். மேசையும் சேர்ந்து நகர்ந்தது.

"தென்றலு. புடிச்சுக்கோ."

கையை நீட்டினான். அவளுடைய மற்றொரு கை நன்றாகத்தான் இருந்தது. அவள் நீட்டவில்லை.

பாதங்கள் இடுக்கில் போயின. முழங்கால் போனது. இடுப்பு தகரத்தில் இடித்து நின்றது. அதற்குமேல் வழியில்லை.

வெளியிலிருந்து இழுப்பது நிற்கவில்லை.