இருபத்து நான்காவது அலகு

மாலை ஐந்து மணிக்குப் பாடத் திட்டப் பதிவு மூடிவிடும். இப்போது மூன்று ஐம்பது. நாமக்கல்லில் ஒரு பள்ளியில், பாடம் தேர்ந்தெடுக்க உதவும் பாடவழி அறையில் ஹர்ஷினியும் எட்டாம் வகுப்பு முடித்திருந்த அவள் மகள் அல்லியும் இருபத்து மூன்று அலகுகளைப் பதினோரு நிமிடத்தில் நிரப்பிவிட்டு, கடைசி ஒன்றில் ஒன்றரை மணி நேரமாக மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும்போதே பன்னிரண்டு வரைக்குமான நான்கு வருடப் பாடங்களையும் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பட்டியலில் நூற்று நாற்பது பாடங்கள் இருந்தன. ஒரு பாடத்துக்கு ஓர் அலகு. இருபத்து நான்கு அலகு சேர்ந்தால்தான் நிறைவுச் சான்று. அது இல்லாதவர் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது. இன்றைக்குத் திட்டம் முழுமையாகாத பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வருடம் வர வேண்டும்.

தேர்ந்தெடுப்பதற்கு உதவத்தான் வருவதுரைப்பி என்ற பொறி இருந்தது. பள்ளிக்கு ஒன்று. பிள்ளையின் பெயரைச் சொன்னால் போதும். எந்தப் பாடத்தை எடுத்தால் நான்கு வருடம் கழித்து எத்தனை மதிப்பெண் வரும் என்று சொல்லும். அது எவ்வளவு நிச்சயம் என்பதையும் உறுதி எண் என்று பக்கத்திலேயே காட்டும். உறுதி எண் 97 என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை அப்படித்தான் நடக்கும், நடந்தும் வந்தது. பொறி வந்த புதிதில் பெற்றோர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மதிப்பெண் வராது என்று தெரிந்த பாடத்தை யார் எடுப்பார்கள்? பத்து வருடம் மாநிலத்தில் ஒரு பிள்ளைகூடத் தோற்கவில்லை.

பிறகு கல்லூரிகள் அழ ஆரம்பித்தன. முதல் வருட ஆய்வகத்தில் இதுவரை பார்க்காத ஒரு கேள்வியைக் கொடுத்தால், நூற்றிருபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றன. இதற்கு எனக்கு எத்தனை வரும் என்று சொல்லிவிடுங்கள், தொடங்குகிறேன் என்று ஒரு மாணவன் பேராசிரியரிடமே கேட்டானாம். கல்வி வாரியம் யோசித்து ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இருபத்து நான்கில் ஓர் அலகாவது, வருவதுரைப்பி உறுதியாகச் சொல்ல முடியாத பாடமாக இருக்க வேண்டும். உறுதி எண் அறுபதுக்குக் கீழ். பெயர் ஐயப் பாடம். அதில் தேறினாலும் தோற்றாலும் அலகு உண்டு. ஆனால் பொறி மாதாமாதம் திரும்பக் கணக்கிடும். ஏதாவது ஒரு மாதம் உறுதி எண் அறுபதைத் தாண்டினால் அலகு ரத்து.

அநேகம் பேருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இவர்களுக்கு முன்னால் வந்த பெண்ணின் அப்பா லாரி ஓட்டுபவர். அந்தப் பெண் நான்கு பள்ளி மாறியவள், பதிவுகள் பாதிக்கு மேல் காணாமல் போனவள். அவளுக்கு எண்பத்தாறு பாடங்கள் அறுபதுக்குக் கீழே இருந்தன. இத்தனை இருந்தால் எதை எடுப்பது என்று அவள் அம்மா சலித்துக்கொண்டே போனாள். ஹர்ஷினி அவளைப் பொறாமையோடு பார்த்தாள். தன் வாழ்நாளில் அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஏனென்றால் அல்லிக்கு அறுபதுக்குக் கீழே ஒரு பாடம்கூட இல்லை. ஆகக் குறைந்த உறுதி எண் 94, அது வானிலை இயலில்.

தப்பு எங்கே என்று ஹர்ஷினிக்குத் தெரிந்தே இருந்தது. அவள் முட்டைத் தரச் சோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் இருபது வருடமாக அவள் தொழில். மகளையும் அப்படியே வளர்த்துவிட்டாள். மழலை வகுப்பிலிருந்து மணிச்சட்டக் கணக்கு, இந்தி, சிலம்பம், நீச்சல், வீணை, ஓவியம் என்று எதைக் கற்றாலும் அதற்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு பதிவு. போதாக்குறைக்கு, திட்டம் கச்சிதமாக அமைய வேண்டும் என்று சென்ற கோடை விடுமுறையில் நூற்று நாற்பது பாடங்களுக்கும் மாதிரித் தேர்வு எழுத வைத்தாள். எந்த அம்மாவும் செய்யாததைச் செய்துவிட்டோம் என்று அப்போது பெருமையாக இருந்தது. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு தேர்வுகள். பொறிக்கு இனி அந்தப் பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கி இல்லை.

பாடவழி ஆசிரியர் மரகதவேல் பொறுமைசாலி. வயது ஐம்பதைத் தாண்டியவர். பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் இரண்டு முறை ஓட்டிக் காட்டினார். பழைய பதிவுகளை அழித்துவிட முடியாதா என்று ஹர்ஷினி கேட்டாள். பெற்றோர் கேட்டு அழிப்பதென்றால் ஊரில் பாதிப் பேர் வரிசையில் நிற்பார்கள், சட்டம் இடம் தராது என்றார். வேண்டுமென்றே ஒரு தேர்வைத் தப்பாக எழுதினால்? எழுதிப் பார்த்தார்கள். அல்லி இருபது கேள்விக்கும் தப்பாகப் பதில் போட்டாள். வானிலை இயல் 94-லிருந்து 95 ஆனது. கீழே பொறி காரணம் எழுதியது: ‘விடை தெரிந்தவர் மட்டுமே இருபதையும் தவறாக எழுத முடியும்.’

அல்லி சிரித்துவிட்டாள். ஹர்ஷினி முறைத்த முறைப்பில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

மணி நான்கு பத்து. மரகதவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி ஹர்ஷினியைப் பார்த்தார். பிறகு திரையில் வேறொரு பக்கத்தைத் திறந்தார். உறுதி எண் எதனால் ஆனது என்று அதில் பிரித்துக் காட்டியிருந்தது. பழைய மதிப்பெண்களின் பங்கு பதினெட்டு. படிக்கும் நேரத்தின் பங்கு பதினொன்று. மீதி எழுபத்தொன்றுக்கு நேரே ‘தாய்’ என்று இருந்தது.

“இது என்னங்க சார்?” என்றாள் ஹர்ஷினி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“பாப்பா என்ன பண்ணுவாங்கறத அது பாப்பாவ வெச்சுக் கணக்குப் போடறதில்லீங்க மேடம். உங்கள வெச்சுத்தான் போடுது. எந்தப் பாடம் எடுத்தாலும் நீங்க விடமாட்டீங்க. அது அதுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க.”

அவளுக்கு அவமானமாக இருந்தது. அதை மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அதைவிட மோசமாக இருந்தது.

ஒரு வழி இருக்கிறது என்றார் மரகதவேல். ‘பெற்றோர் அறியா ஒப்பந்தம்’ என்று ஒரு படிவம். அதில் கையெழுத்துப் போட்டால் இருபத்து நான்காவது பாடம் எது என்பதை மாணவியே தனியாகத் தேர்ந்தெடுப்பாள். பெற்றோருக்குப் பாடத்தின் பெயர் தெரியாது, மதிப்பெண் வராது, பிள்ளையின் படிப்பை வீட்டுக்குக் காட்டும் ‘பெற்றோர் கண்’ செயலியிலும் தெரியாது. நான்கு வருடத்துக்கும் அப்படித்தான். இந்தப் பள்ளியில் இதுவரை யாரும் கையெழுத்துப் போட்டதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஹர்ஷினி படிவத்தை மூன்று முறை படித்தாள். கோயம்புத்தூரில் இருந்த கணவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன், நீ எது பண்ணினாலும் சரியாத்தான் இருக்கும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான்கு இருபத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

பொறி கணக்கிட்டது. நூற்று நாற்பது பாடங்களிலும் உறுதி எண் அப்படியே ஒன்று இறங்கி நின்றது. வானிலை இயல் மறுபடி 94. ஒரே காரணம் எல்லாவற்றுக்கும் பொதுவாக வந்தது: ‘தாய் பத்தொன்பதாம் நாளுக்குள் கேட்டுத் தெரிந்துகொள்வார். அதன்பின் வழக்கம்போல்.’

“நான் கேக்க மாட்டேன். கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுருக்கேன்ல?” ஹர்ஷினி திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். திரை அசையவில்லை. புதிதாக ஓர் ஆதாரம் கொடுத்தால்தான் மீண்டும் கணக்கிடும், கோபப்பட்டால் கணக்கிடாது என்று மரகதவேல் மெதுவாகச் சொன்னார்.

அல்லி அப்போதுதான் முதல்முறையாகப் பேசினாள். “அம்மா, நீ வெளியில இரு. நான் பாத்துக்கறேன்.”

“நீ என்னத்தப் பாத்துக்குவ கண்ணு? உனக்கு என்ன தெரியும்?”

“தெரியாதும்மா. அதான வேணுங்கறாங்க.”

ஒப்பந்தப்படி ஆசிரியரும் உள்ளே இருக்கக் கூடாது. கண்ணாடிக் கதவு மூடியது. நடைபாதையில் போட்டிருந்த பெஞ்சில் ஹர்ஷினி ஒரு ஓரத்திலும் மரகதவேல் மறு ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். கதவு வழியாக மகளின் முதுகு தெரிந்தது. தட்டச்சு செய்கிறாளா, சும்மா இருக்கிறாளா என்று தெரியவில்லை. மணி நான்கு நாற்பத்தொன்று.

ஹர்ஷினியின் விரல் தானாகச் செல்பேசியில் பெற்றோர் கண் செயலியைத் திறந்தது. ‘இந்தப் பாடம் உங்களுக்கு மறைக்கப்பட்டுள்ளது.’ மூடினாள். அரை நிமிடம் கழித்து, ஒருவேளை இப்போது வந்திருக்கும் என்று மறுபடி திறந்தாள். மறைக்கப்பட்டுள்ளது. மூன்றாவது முறை திறந்தபோது மரகதவேல் தொண்டையைக் கனைத்தார்.

“மேடம், நீங்க தட்டறதெல்லாம் பொறிக்குப் போய்ச் சேருதுங்க.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்பேசியை அவர் கையில் திணித்துவிட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பள்ளியில் சேர்த்த ஒன்பது வருடத்தில் மகள் என்ன எழுதுகிறாள் என்று தெரியாமல் அவள் இருந்த முதல் கால் மணி நேரம் இதுதான். வெறும் கையோடு உட்கார்ந்திருப்பது எப்படி என்றே அவளுக்குத் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை ஆறு முறை படித்தாள்.

நான்கு ஐம்பத்தாறுக்குக் கதவு திறந்தது. அல்லியின் முகத்தில் வியர்வை இருந்தது. கையில் திட்டத் தாள். இருபத்து நான்கு வரிகளும் நிரம்பியிருந்தன. கடைசி வரியில் பாடத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை. அதன் பக்கத்தில் உறுதி எண் 57. மூலையில் ‘ஏற்கப்பட்டது’ என்ற முத்திரை.

ஹர்ஷினி மகளைக் கட்டிக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். மரகதவேலும் எழுந்து நின்று செல்பேசியைத் திருப்பிக் கொடுத்து, மேடம் நல்லதுங்க, நல்லதுங்க என்று இரண்டு முறை சொன்னார். மாடிப்படியில் இறங்கும்போதுதான் அவள் தாளை வாங்கி அதன் அடியில் இருந்த காரணத்தைப் படித்தாள்.

‘தாய் கேட்பார். வேறு பாடத்தின் பெயரைச் சொல்லிவிடுவதாக மாணவி வாக்குமூலம் அளித்துள்ளார். மாணவி தாயிடம் பொய் சொன்னதாக ஒன்பது ஆண்டுகளில் ஒரு பதிவும் இல்லை. பொய் சொல்வாரா, தாய் அதைக் கண்டுகொள்வாரா என்று கூற இயலவில்லை.’

படியில் நின்று இரண்டாவது முறை படித்தாள். அல்லி கீழே போய்விட்டிருந்தாள். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஹர்ஷினியும் இறங்கினாள்.

பேருந்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அல்லி ஜன்னலோரம். பரமத்தி சாலை முழுக்க அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஹர்ஷினி இரவுச் சாப்பாட்டைப் பற்றி யோசித்தாள், நாளைய வேலையைப் பற்றி யோசித்தாள், கேட்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொறி பத்தொன்பது நாள் கொடுத்திருந்தது. அவள் இருபத்திரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தாள்.

“என்ன பாடம் கண்ணு எடுத்த?”

அல்லி திரும்பி அம்மாவை நேராகப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை, மூக்கைச் சொறியவில்லை, எச்சில் விழுங்கவில்லை.

“தேனீ வளர்ப்பும்மா.”

“நெசமாவா?”

“நெசந்தாம்மா.” சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேனீ வளர்ப்பு. ஹர்ஷினியின் மனம் அந்த நொடியே வேலையைத் தொடங்கிவிட்டது. மோகனூரில் யாரோ பெட்டி வைத்திருப்பதாகக் கேள்வி, சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம், பயிற்சிப் புத்தகம் ஏதாவது கிடைக்கும். அப்புறம்தான் உறைத்தது. மகள் சொன்னது உண்மை என்றால் தனக்கு இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டால் மாதக் கடைசியில் பொறி கணக்கிடும்போது 57 எகிறிவிடும். இருபத்து நான்காவது அலகு போய்விடும், சான்றும் போய்விடும்.

மகளின் முகத்தை ஜன்னல் கண்ணாடியில் பார்த்தாள். காய்ச்சல் வருவதற்கு முன்பே ஹர்ஷினி காய்ச்சலைக் கண்டுபிடித்த முகம் அது. அதில் இப்போது ஒன்றும் தெரியவில்லை. இனி நான்கு வருடம் எதுவும் தெரியாமலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சின்ன வயதில் ஒரு மிட்டாய்க்காகக்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று அடித்து வளர்த்த பெண். ஹர்ஷினி கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தன் மகள் இப்போது தன்னிடம் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று ஊரில் உள்ள எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டாள்.