எனக்குக் குரல் வேண்டாம்

புர்காஸ் துறைமுகத்தில் மீன் வலையோடு ஒரு பிணம் மேலே வந்தது.

படகு முதலாளி ஸ்டாமாத். மண்டை பிளந்திருந்தது...

வீட்டிலேயே விட்டுப் போன அவனுடைய செல்போனில் ஓர் ஆண் குரல் பதிவாகியிருந்தது.

"ஸ்டாமாத், உன் படகு எரியுது. ஓடி வா."

ஓடினான். திரும்பவில்லை. படகில் தீயும் இல்லை.

சிகரெட் கடத்தும் படகைப் போலீசுக்குக் காட்டிக்கொடுக்கப் போவதாக ஸ்டாமாத் குடிபோதையில் உளறியிருந்தான். அது ஜெல்யாஸ்கோவின் படகு. கிழவனும் அவன் ஒரே மகன் பிளாமெனும்தான் அதை ஓட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் பொய்கோ தேடிப் போகவில்லை. ஜெல்யாஸ்கோவே ஸ்டேஷனுக்கு வந்தான்.

"நான்தான் கொன்னேன்."

சரளைக் கல்லில் இரும்பைத் தேய்த்தது போன்ற குரல். செல்போனில் இருந்ததோ வெண்கலக் குரல். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது, அப்புறம்தான் கம்மியது என்றான். இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு ஒப்பிடவே முடியாது என்று நிபுணர்கள் கைவிரித்தார்கள். சிறை டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்தார். முகம் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

குரல் நாணில் புற்றுநோய். துவரம் பருப்பு அளவு.

டாக்டர் நெவேனா நிதானமாகச் சொன்னாள். "கழுத்துல கத்தியே படாது. வாய் வழியா குழாய விட்டு, லேசர்ல அத மட்டும் எடுத்துடுவேன். குரல் பெரும்பாலும் தங்கிடும்."

ஜெல்யாஸ்கோவின் முகம் வெளிறியது.

"எனக்குக் குரல் வேணாம், டாக்டரம்மா. குரல்வளை மொத்தத்தையும் அறுத்து எடுத்துடுங்க."

குரலுக்காக அவள் காலைப் பிடித்து அழுதவர்கள் உண்டு. இப்படி ஒருவனை அவள் பார்த்ததில்லை. துவரம் பருப்புக்காகத் தொண்டையையே வெட்டினால் அது வைத்தியம் இல்லை, கசாப்பு என்று மறுத்தாள். அவன் கெஞ்சினான். அப்புறம் மெல்லக் கேட்டான், லேசரிலும் குரல் போக வாய்ப்பு உண்டா என்று.

அவளுக்குப் பொய் வராது. வேர் ஆழமாக இருந்தால் போகலாம் என்றாள்.

உடனே கையெழுத்துப் போட்டான்.

வாசலில் காவலுக்கு நின்ற பொய்கோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்த டாக்டரிடம் சிரித்தான்.

"கோர்ட்ல பல்டி அடிக்கப் போறான். குரலும் போயிட்டா, அந்தப் பதிவ வச்சு நான் என்ன பண்றது? எப்படியாவது காப்பாத்திக் குடுங்க டாக்டர். அவன் வாயாலயே அவன மாட்ட வைக்கிறேன்."

மயக்க மருந்து ஏறியது. லேசர் சுட்டுவிடாமல் முகத்தைச் சுற்றி ஈரத் துணி. வாய்க்குள் எஃகுக் குழாய்.

நெவேனா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். தலைமுடி கனத்தில் ஒரு கதிர்... சின்னப் புகை... கருகல் வாடை.

வேர் ஆழமாக இல்லை. மேல் தோலோடு வந்துவிட்டது. ஓரங்களை உடனே சோதித்தார்கள். சுத்தம்.

சில வாரங்களில் கம்மல் கரைந்தது. ஜெல்யாஸ்கோ வாயைத் திறப்பதையே நிறுத்தினான். ஆனால் தூக்கத்தில் புலம்புகிறவனை யார் தடுப்பது? சிறையில் அதைப் பதிவு செய்து, தலைநகர் சோஃபியாவில் இருந்த குரல் நிபுணர்களுக்கு அனுப்பினார்கள்.

பதில் வந்த அன்று பொய்கோவின் காபி ஆறிப்போனது.

அது இவன் குரல் இல்லை.

ரொம்ப நெருக்கமான குரல், ரத்த சம்பந்தமாக இருக்கலாம், ஆனால் இவன் இல்லை என்றார்கள். பொய்கோவுக்கு உறைத்தது. கிழவன் தப்பிக்கப் பார்க்கவில்லை. மாட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறான். குரலே இல்லாமல் போனால், கொன்றது அவன் இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது!

பிளாமெனைப் படகிலேயே பிடித்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார்கள். பாதியில் உடைந்து அழுதான்.

செய்தி சொல்ல பொய்கோ சிறைக்குப் போனான். ஜெல்யாஸ்கோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு எப்படியும் சாவு. அவனுக்கு முப்பது வயசுகூட ஆகல. அந்தம்மா யாரக் கேட்டு என்னக் குணமாக்குனா?"

வெளியே வந்ததும் பொய்கோ டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான்.

"என்னைய ரொம்பத் திட்டுனாரா?" என்றாள் நெவேனா.

"அரை மணி நேரம், டாக்டர். ஒரு எடத்துலகூடக் குரல் கம்மல."